ஐம்பத்து நான்கு புள்ளி ஆறு

என் பட்டறைக்கு வருகிறவர்கள்
எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்றுதான் கேட்பார்கள்.
எலினெட் மட்டும்
எந்தக் காற்றில் என்று கேட்டாள்.

கைமானிலிருந்து ராவ்சனுக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர்.
ஞாயிறு காலையில் அவளுக்குத் தோதான பஸ் கிடையாது.
போகும்போது படகோனியக் காற்று
முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போய்
சிறை வாசலில் விடும்.
விட்டுவிட்டு அங்கேயே காத்திருக்கும்.
திரும்பும்போது
அதே கையை நெஞ்சில் வைக்கும்.

ட்ரெலியூ வந்ததும் திரையின் கடைசிக் கோடு அணைந்துவிடும்.
அதற்குப் பிறகு பதினேழு கிலோமீட்டர்
செத்த மோட்டாரைச் சுமந்துகொண்டு மிதி, மிதி.
"ஏழு ஞாயிறு வந்துவிட்டேன்,
எட்டாவதற்கு முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை"
என்றாள், கையுறையைக் கழற்றாமல்,
மாத்தே கோப்பையை வாங்கிக்கொண்டு.

விபத்தில் நொறுங்கிய ஸ்கூட்டர் ஒன்று என்னிடம் இருந்தது.
அதன் வயிற்றிலிருந்து எண்பது செல்களை எடுத்தேன்.
நிரப்பி, ஒரு வாரம் சும்மா வைத்து,
யார் எவ்வளவு ஒழுகியிருக்கிறார்கள் என்று
ஒவ்வொன்றாக அளந்தேன்.
ஐம்பத்திரண்டு தேறின.
நிக்கல் பட்டை, பற்றவைப்பு, நீல உறை.
மூன்று கிலோ.
ஒரு செங்கல்லுக்கு இரண்டு வால் முளைத்தது போல.

பணம் வாங்குமுன் ஒன்று சொன்னேன்,
எல்லோருக்கும் சொல்வதுதான்:
ஒன்று நிறைந்தும் ஒன்று குறைந்தும் இருக்கையில்
இரண்டையும் சேர்க்காதே.
நிறைந்தது குறைந்ததற்குள் பாயும்.
அது கொடுப்பது இல்லை, கரை உடைவது.
வயர் சிவக்கும். பிறகு வீடு.
மீட்டரை வை. இரண்டும்
ஐம்பத்து நான்கு புள்ளி ஆறு என்று சொல்லட்டும்.
அப்புறம் சேர்.

மீட்டரின் ஊசிகளைக் கொஞ்ச நேரம்
கையிலேயே வைத்திருந்தாள்.
"ஐவியனைப் பார்க்கும் முன்
நானும் வாசலில் பத்து நிமிடம் நிற்பேன்" என்றாள்.
"காற்று தள்ளிவந்த வேகத்தில் உள்ளே போனால்
அவனுக்குத் தாங்காது."

அவள் தம்பி என்ன செய்தான் என்று ஊருக்கே தெரியும்.
நான் கேட்கவில்லை.

முதல் ஞாயிறு.
பையைத் திறந்த காவலன்
மூன்றடி பின்னால் போனானாம்.
நீல உறை, சிவப்பு வயர், கறுப்பு வயர்.
"என்ன இது?"
"திரும்பிப் போகிற வழி."
அந்தப் பதிலுக்குப் படிவம் எதுவும் இல்லை போலிருக்கிறது.
எதிரே சுலேமாவின் பெட்டிக்கடையில்
பிஸ்கட் அட்டைகளுக்குக் கீழே
இரண்டு மணி நேரம் அது அவளுக்காகக் காத்திருந்தது.
அதற்கு வாடகையாக அவள் வாரம் ஒரு ஜாடி
பிளம் ஜாம் கொடுத்தாள்.

வசந்தம் போய் வெயிலும் போய்
பாப்லர் மரங்கள் மஞ்சளாகும் வரை
ஞாயிறு இருட்டியதும் என் கடையைத் தாண்டுவாள்.
விளக்கு எரியும், மணி ஒருமுறை அடிக்கும்.
நானும் ஒரு பல்பை அணைத்து எரிப்பேன்.
அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள்.
ஐவியனை நெயுக்கேனுக்கு மாற்றிவிட்டார்கள்.
எழுநூறு கிலோமீட்டர்,
அதுவும் காற்று வரும் திசையில்.
"எத்தனை பேட்டரி வேண்டும்?"

விளையாட்டாகக் கேட்டாளா, தெரியவில்லை.
நான் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன்,
வேறென்ன எனக்குத் தெரியும்.
பதினான்கு. காற்றுக்காக இன்னும் ஆறு.
அறுபது கிலோ.
அந்த அறுபதை இழுக்க இன்னும் இரண்டு.
அந்த இரண்டை இழுக்க...
அவள் சிரித்துவிட்டாள்.
தாளைத் திருப்பிவைத்தேன்.

திருப்பித் தருவாள் என்று நினைத்தேன், தரவில்லை.
ஐந்து வோல்ட்டுக்கு இறக்க
ஒரு சின்னப் பலகை மட்டும் கேட்டாள்.

காற்று கம்பியை அறுக்கும் இரவுகளில்
கைமான் முழுக்க இருட்டு.
வியாழன், ஏழு நாற்பது.
அவள் ஜன்னலில் மட்டும்
ஒரு போன் நிறைந்துகொண்டிருக்கும்,
மணி அடிப்பதற்கு
பத்து நிமிடம் முன்பே.